தாது வருடப் பஞ்சமும் பெரு நாட்டுக் கடலும்

பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் வகுப்பில்தான் இந்தக் கட்டுரைக்கான வித்து விழுந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் கூறவந்த உருத்திரங்கண்ணனார், மேகம் கடலில் முகந்த நீரை மலையில் பொழிவதையும் மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலில் சென்று பரவுவதையும் உவமையாக்குகிறார். வழக்கம்போல நான் அதில் சற்று நேரம் தங்கி, நீரின் சுழற்சியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அறிந்திருந்தனர் என்று பெருமிதத்துடன் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். கடற்கரைக் கிராமத்திலிருந்து வருபவர். தந்தையார் மீன்பிடித் தொழிலில் இருப்பவர்.

"ஐயா, ஒரு சந்தேகம். கடல் எல்லா வருடமும் அங்கேதானே இருக்கிறது? வெயிலும் எல்லா வருடமும் அடிக்கிறது. அப்படியிருக்க, சில வருடம் மட்டும் மேகம் ஏன் முகக்காமல் போகிறது?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் என்னிடம் விடை இல்லை. தேடிச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். தேடப்போன இடத்தில், அந்த மாணவர் கேட்ட அதே கேள்வியை 1877ஆம் ஆண்டில் ஓர் அரசாங்கமே கேட்டிருப்பதையும், அதற்குப் பொருத்தமான விடையொன்று கிடைக்க ஏறத்தாழ 92 ஆண்டுகள் ஆனதையும் கண்டேன். அறிவாளிகளுக்கு அக்காலத்தில் பஞ்சமில்லை. அப்படியானால் ஏன் இத்தனை தாமதம்? அந்தத் தாமதத்தின் வரலாற்றையே இங்கே சொல்ல விழைகிறேன்.

தாது வருடம்

நம் பாட்டிமார் நாவில் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'தாது வருடப் பஞ்சம்'. 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரையிலானது தாது ஆண்டு. அவ்வாண்டில் சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழை குன்றியது. அதனைத் தொடர்ந்து வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. மறு ஆண்டு, 1877இல், தென்மேற்குப் பருவமழை இந்தியாவின் பெரும்பகுதியைக் கைவிட்டது. சென்னை, மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளில் அரை கோடிக்கும் மேற்பட்டோர் பசியாலும் அதன் பின்னே வந்த நோய்களாலும் மாண்டனர். இன்று சென்னை நகரினூடே பக்கிங்காம் கால்வாய் என்ற பெயரில் ஓடும் நீர்வழியில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, அந்நாளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

இத்தனை சாவுக்கும் வானம் மட்டுமே பொறுப்பன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்கள் பட்டினி கிடந்த அதே காலத்தில் தானியம் கப்பலேறியது. நிவாரண முகாம்களில் கூலி குறைக்கப்பட்டது. ஆயினும் மழை பொய்த்தது உண்மை. அது ஏன் பொய்த்தது என்ற கேள்வி ஆட்சியாளர்களை உலுக்கியதும் உண்மை.

அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1875இல்தான், இந்திய வானிலை ஆய்வுத் துறை தோற்றுவிக்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. அவர் முதலில் செய்த காரியம் பிற நாடுகளின் காற்றழுத்தப் பதிவுகளைத் தேடித் தொகுத்தது. பஞ்ச காலத்தில் இந்தியாவில் மட்டுமன்று, ஆசியாவின் பெரும்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் காற்றழுத்தம் வழக்கத்தைவிட மிகுந்திருந்தது என்று அவை காட்டின. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் கொடிய வறட்சி. ஏதோ ஒன்று உலகின் பல பாகங்களை ஒரே நேரத்தில் பற்றியிருந்தது. அது என்ன என்பது மட்டும் புலப்படவில்லை.

சிலர் சூரியனைப் பார்த்தார்கள். வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி, சென்னையின் நெடுநாள் மழைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை குறையும் ஆண்டுகளில்தான் தென்னிந்தியாவில் மழை குறைகிறது என்று 1877இல் எழுதினார். பின்னாளில் அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. சிலர் மலையைப் பார்த்தார்கள். பிளான்போர்டே 1884இல், இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்று கூறி, அதனடிப்படையில் முன்னறிவிப்பும் செய்தார். அது முற்றிலும் பிழையன்று; ஆனால் முழு விடையுமன்று.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியனைப் பார்த்தவர்களும் இமயத்தின் உச்சியைப் பார்த்தவர்களும், சென்னையில் கோட்டை வாசலில் அலையடித்துக்கொண்டிருந்த கடலை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இதை அவர்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் கடல் என்பது வேறொரு துறை. வேறு மனிதர்களின் பொருள்.

வாளியும் பதிவேடும்

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மாலுமிகள். காற்றும் கடலும் சந்திக்கும் அந்த மேற்பரப்பில்தான் அவர்களுடைய உயிரும் ஊதியமும் இருந்தன.

பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போஃபர்ட் 1806இல் தம் நாட்குறிப்பில் ஓர் அளவுகோலை எழுதிவைத்தார். காற்றின் வேகத்தை அளக்கக் கப்பலில் நம்பத்தக்க கருவி இல்லாத காலம் அது. ஆகவே கப்பலையே அவர் கருவியாக்கினார். எவ்வளவு பாயை விரித்துச் செல்ல முடிகிறது என்பதைக்கொண்டு காற்றுக்கு எண் கொடுத்தார். எந்தப் பாயும் தாங்காத காற்று கடைசிப் படி. பாய்மரக் கப்பல்கள் மறைந்தபின், 1927இல் பீட்டர்சன் என்ற ஜெர்மானியக் கப்பல் தலைவர் அதே படிகளைக் கடலின் முகத்தைக்கொண்டு வரையறுத்தார். கண்ணாடிபோல் கிடக்கும் கடல் 0. சிற்றலைகள், வெண்ணுரைத் தலைகள், காற்றோடு நீண்டு ஓடும் நுரைக்கோடுகள் என ஏறி, நீர்த்திவலைகளால் எதிரே ஒன்றும் தெரியாத நிலை 12. காற்று நீரின்மேல் எழுதியதைப் படித்துக் காற்றை அறிவது இது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றிலும் நீர் எப்படிப் புரளும் என்று அறிந்து தொழில் செய்யும் நம் கடற்கரை மக்களுக்கு இந்தப் படிப்பு அந்நியமன்று.

அமெரிக்கக் கடற்படையில் மாத்யூ மோரி என்றோர் அதிகாரி இருந்தார். 1839இல் பயண வண்டி கவிழ்ந்ததில் கால் முறிந்து, கடலுக்குச் செல்லும் தகுதியை இழந்தவர். அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தவை பழைய கப்பல் பதிவேடுகள். காற்றும் நீரோட்டமும் நாள்தோறும் குறிக்கப்பட்டிருந்த அவ்வேடுகளைத் தொகுத்து 1847இல் அவர் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிடத் தொடங்கினார். அவருடைய முயற்சியால் 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் 10 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் ஒரே வகைக் குறிப்புகளை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். காற்றின் திசை, வலிமை, காற்றழுத்தம், காற்றின் வெப்பம், கடல் மேற்பரப்பின் வெப்பம் அனைத்தும் ஒரே தாளில் ஏறின. கடலும் காற்றும் அருகருகே எழுதப்பட்ட முதல் பெரும் பதிவு என்று இதனைக் கூறலாம்.

கடல் மேற்பரப்பின் வெப்பத்தை எப்படி அளந்தார்கள்? கயிற்றில் கட்டிய வாளியைக் கடலில் எறிந்து, நீரை மொண்டு, மேல்தளத்துக்கு இழுத்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். மிக எளிய முறை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருந்தது. பிற்காலத்தில் புழங்கிய கித்தான் வாளியின் சுவர் ஈரம் கசியும். மேல்தளத்தில் அடிக்கும் காற்று அந்த ஈரத்தை ஆவியாக்கும், நீர் குளிரும். நம் வீட்டு மண்பானையில் நடப்பதுதான். கடலுக்கும் காற்றுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அறிய உதவும் பதிவுகளில், அந்த நிகழ்ச்சியே வாளிக்குள் நடந்து அளவைக் கெடுத்துக்கொண்டிருந்தது!

இரண்டாம் உலகப்போரின்போது இரவில் மேல்தளத்தில் விளக்கேற்றுவது ஆபத்து. ஆதலால் வாளியை விட்டுவிட்டு, இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரின் வெப்பத்தைக் குறிப்பது பெருகியது. அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். 1945இல் போர் முடிந்ததும் வாளிகள் திரும்பின. உலகக் கடல்கள் திடீரென்று ஏறத்தாழ 0.3 பாகை குளிர்ந்துவிட்டதுபோல் பதிவுகளில் ஒரு சரிவு விழுந்தது. அது கடலின் மாற்றமன்று, அளந்த முறையின் மாற்றமே என்று தெளிவாக எடுத்துக்காட்டப்பட்டது 2008இல்தான். சுவடியில் ஏடெழுதுவோர் பிழையை இனங்கண்டு மூலபாடத்தை மீட்பது பதிப்பாசிரியர் வேலை. கடலின் பதிவேட்டுக்கும் அத்தகைய பதிப்பாசிரியர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள் என்று அறிந்தபோது, தமிழ் படித்தவனாகிய எனக்கு அவர்கள்மேல் தனி மதிப்பு உண்டாயிற்று.

வாக்கரின் கணக்கு

1899இல் மீண்டும் பருவமழை பொய்த்தது, மீண்டும் பஞ்சம். வானிலைத் துறையின் முன்னறிவிப்போ நல்ல மழையைக் கூறியிருந்தது. இந்த அவமானத்துக்குப் பின் 1904இல் துறையின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவரல்லர், கேம்பிரிட்ஜில் தேர்ந்த கணித வல்லுநர்.

இவருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்புண்டு. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய ஓர் இளைஞரின் கணிதத் தாள்கள் அவரிடம் காட்டப்பட்டன. அவற்றின் தரத்தை உணர்ந்த வாக்கர், அவ்விளைஞர் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட வழிசெய்ய வேண்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

வாக்கர், காரணத்தைத் தேடுவதற்கு முன் தொடர்பைத் தேடலாம் என்று முடிவு செய்தார். உலகெங்கிலுமிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை, நதிகளின் பெருக்கு ஆகிய பதிவுகளை வரவழைத்தார். எது ஏறும்போது எது இறங்குகிறது என்று ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு பொருத்திக் கணக்கிடச் செய்தார். கணிப்பொறி இல்லாத காலம். அத்தனையும் இந்திய எழுத்தர்கள் கையால் போட்ட கணக்கு.

அந்தக் கணக்குக் கடலிலிருந்து 1920களின் தொடக்கத்தில் ஓர் உருவம் எழுந்தது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் இறங்குகிறது. இங்கே ஏறும்போது அங்கே இறங்குகிறது. சில ஆண்டுகளுக்கொரு முறை ஏற்றப்பலகைபோல் இது சாய்கிறது. அது சாயும் பக்கத்தைப் பொறுத்து இந்தியாவின் மழையும் மாறுகிறது. இதற்கு 'தெற்கு அலைவு' என்று அவர் பெயரிட்டார். 1877இல் பிளான்போர்டு கண்ட மிகை அழுத்தம் இந்தப் பலகையின் ஒரு முனைதான்.

ஆனால் பலகையைச் சாய்ப்பது யார்? வாக்கரிடம் விடையில்லை. காரணம் காட்டாத தொடர்பு வெறும் எண் விளையாட்டு என்று பலர் ஒதுக்கினார்கள். 1924இல் ஓய்வுபெற்றுச் சென்றபோது, தாம் தேடிவந்த பருவமழையின் திறவுகோல் அவர் கைக்கு வரவில்லை.

பைத்தாவின் மீனவர்கள்

விடையின் மற்றொரு பாதி, உலகத்தின் மறுபக்கத்தில், கல்விச்சாலைகளுக்கு வெளியே இருந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கடல் வழக்கமாகக் குளிர்ந்தது, மீன் கொழிப்பது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று அங்கே இறங்கும். பைத்தா என்ற துறைமுகத்தின் கடலோடிகள் குழந்தை இயேசுவின் நினைவாக அதற்கு 'எல் நினோ' என்று பெயரிட்டிருந்தார்கள். சிறுவன் என்று பொருள். சில ஆண்டுகளில் அந்த வெதுவெதுப்பு மிக வலுத்து, மாதக்கணக்கில் தங்கிவிடும். அப்போது மீன் மறையும். பாலைநிலத்தில் பெருமழை கொட்டும். கமிலோ கரியோ என்ற கப்பல் தலைவர் 1892இல் லிமா நகரின் புவியியல் கழகத்தில் இதனை எடுத்துரைத்தார்.

வாக்கருக்கு அழுத்தம் தெரியும். பைத்தாவின் மீனவர்களுக்கு நீர் தெரியும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதைக் காண, இரண்டையும் ஒரே மேசையில் விரித்துவைக்க ஒருவர் வேண்டியிருந்தது.

1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. உலக நாடுகள் பலவும் ஒரே காலத்தில் கடலையும் காற்றையும் அளந்தன. தற்செயலாக அவ்வாண்டே பெரிய எல் நினோவும் எழுந்தது. வெதுவெதுப்பு பெருவின் கரையோடு நிற்கவில்லை. நடுப் பசிபிக் வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டிருந்தது என்பது அப்போது தெரிந்தது. நார்வேயில் வளர்ந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜேக்கப் பியர்க்னெஸ், நடுப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டருகே உள்ள கான்டன் என்ற சின்னஞ்சிறு தீவின் பதிவுகளை எடுத்தார். கடல் வெப்பமும் மழையும் அங்கே ஆண்டுக்கணக்கில் குறிக்கப்பட்டிருந்தன. கடல் சூடேறியபோதெல்லாம் வறண்ட அத்தீவில் மழை; குளிர்ந்தபோதெல்லாம் வறட்சி. 1969இல் அவர் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்.

விளக்கம் இதுதான். சாதாரண ஆண்டுகளில் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. அது மேற்பரப்பின் சூடான நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டமே ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்துவிடும். கிழக்கே, பெருவின் கரையில், அடியாழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. சூடான மேற்குக் கடலின்மேல் காற்று எழுந்து, மழையாகப் பொழிந்து, உயரத்தில் கிழக்கே சென்று, குளிர்ந்த கடலின்மேல் இறங்கி, மீண்டும் மேற்கே வீசுகிறது. வெப்ப வேறுபாடு காற்றை ஓட்டுகிறது. காற்று அந்த வெப்ப வேறுபாட்டைப் பெருக்குகிறது. ஏதோவொரு காரணத்தால் காற்று சற்றுத் தளர்ந்தால், குவிந்த சூட்டுநீர் கிழக்கே திரும்புகிறது. வேறுபாடு குறைகிறது, காற்று மேலும் தளர்கிறது. மழை மேகங்கள் நடுப் பசிபிக்குக்குக் குடிபெயர, இந்தோனேசியா முதல் இந்தியா வரை காற்று கீழிறங்கும் பக்கமாகிவிடுகிறது. அழுத்தம் ஏறுகிறது, மழை குறைகிறது.

பலகையைச் சாய்ப்பது கடல். கடலைச் சாய்ப்பது காற்று. ஒன்றை மட்டும் பார்த்தவர்களுக்கு அது புலப்படாமற்போனதில் வியப்பில்லை. இந்தக் கிழக்கு மேற்குச் சுழற்சிக்கு 'வாக்கர் சுழற்சி' என்று பியர்க்னெஸ் பெயரிட்டார். வாக்கர் 1958இலேயே காலமாகியிருந்தார்.

மேகம் முகக்கும் கணக்கு

'முகத்தல்' என்ற நம் புலவர் சொல் இந்த இடத்தில் எத்துணைப் பொருத்தமானது என்று எண்ணி மகிழ்ந்தேன். ஒரு லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை ஏற்றத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பத்தை, அதே நீரை ஆவியாக்கும்போது மேகம் கடலிலிருந்து முகந்துகொள்கிறது. அந்த ஆவி மேகமாகக் குளிரும் இடத்தில் அவ்வளவு வெப்பமும் காற்றில் அவிழ்கிறது. அதுவே காற்றை மேலே தூக்கிச் சுழற்சியை நடத்துகிறது. கடலின் மேல் மூன்று மீட்டர் அளவு நீரே முழு வளிமண்டலத்துக்கும் நிகரான வெப்பத்தைத் தாங்கவல்லது என்றால், இந்த உறவில் கருவூலம் யாரிடம் இருக்கிறது என்பது விளங்கும்.

நம் கடலில் இக்கணக்கைப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. 1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் பல நாடுகளின் 40க்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்டன. பம்பாயின் கொலாபாவில் அதற்கென ஒரு வானிலை மையம் இயங்கியது. அதன் தொடர்ச்சியாகவே 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. 1984இல் சுலோச்சனா காட்கில் முதலானோர், வெப்பமண்டலக் கடற்பரப்பு 28 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டிய இடங்களில்தான் பெரும் மழைமேகங்கள் அடிக்கடி எழுகின்றன என்று காட்டினர். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே மிதந்து போர்வைபோல் மூடுவதால், வங்கக்கடல் பருவமழைக் காலம் முழுதும் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. அரபிக்கடலின் மேற்குப் பகுதியோ காற்று வலுத்ததும் அடிநீர் கிளம்பிக் குளிர்ந்துவிடுகிறது. கடல் அங்கேயேதான் இருக்கிறது; ஆனால் ஒரே கடலாக இருப்பதில்லை.

அறிந்தும் காணாதது

1982ஆம் ஆண்டின் கதை வேறு வகையானது. விளக்கம் கையில் இருந்தும் அந்நூற்றாண்டின் மிகப்பெரும் எல் நினோக்களில் ஒன்றை அறிஞர்கள் தொடக்கத்தில் கண்டுகொள்ளவில்லை. அவ்வாண்டு மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து எழுப்பிய துகட்படலம், செயற்கைக்கோளின் கண்ணுக்குக் கடலைக் குளிர்ந்ததாகக் காட்டியது. கப்பல்கள் அனுப்பிய உண்மையான வெப்ப அளவுகளையோ, இவ்வளவு சூடு இருக்க இயலாது என்று கணிப்பொறிகள் பிழையெனத் தள்ளின. பைத்தாவின் மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்.

அந்தப் பாடத்தின் பயனாக, 1985 முதல் 1994 வரை பசிபிக்கின் குறுக்கே ஏறத்தாழ 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. காற்று, ஈரப்பதம், மேற்பரப்பின் வெப்பம், 500 மீட்டர் ஆழம் வரையிலான நீரின் வெப்பம் ஆகியவற்றை அளந்து அவை நாள்தோறும் அறிவித்தன. 1997இன் பெரும் எல் நினோ பிறந்து வளர்வதை உலகம் அன்றாடம் பார்த்தது. அவ்வாண்டு இந்தியாவில் கடும் வறட்சி வரும் என்று பலர் அஞ்சினர். மழையோ சராசரியாகவே பெய்தது! அந்தப் புதிரை ஆராய்ந்தவர்கள் 1999இல், இந்தியப் பெருங்கடலிலேயே கிழக்கும் மேற்கும் மாறி மாறிச் சூடேறும் தனி ஊசலாட்டம் ஒன்று உண்டு என்று கண்டனர். 'இருமுனை' என்று அதற்குப் பெயர். சஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், ஜப்பானின் யமகாதா ஆகியோர் அக்கட்டுரையின் ஆசிரியர்கள்.

இத்தனை அறிவோடும் தாது வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க முடியுமா? 2018இல் அப்படி ஓர் ஆய்வு வெளிவந்தது. 1870 முதல் 1876 வரை பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி நெடுநாள் குளிர்ந்து கிடந்திருக்கிறது. குளிர்ந்த பசிபிக் நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பொதுவாக உகந்ததன்று. பின்னர் 1877–78இல் பதிவுகளிலேயே மிக வலிய எல் நினோக்களில் ஒன்று. அதனோடு 1877இல் இந்தியப் பெருங்கடலின் இருமுனையும் மிக வலுத்தது. 1878இல் வட அட்லாண்டிக்கும் சூடேறியது. ஆக, தாது வருடத்து மழையைக் கெடுத்ததும் அடுத்த ஆண்டு மழையைக் கெடுத்ததும் ஒன்றேயன்று. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று நினைப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

இதை எப்படி அறிந்தார்கள்? கடலின் பழைய வெப்பநிலையை அவர்களுக்குத் தந்தவை அந்நாளைய கப்பல் பதிவேடுகள். கயிற்றில் வாளியைக் கட்டி நீர் மொண்டு, எதற்கென்று அறியாமலே எண்ணை எழுதிவைத்த பெயரறியா மாலுமிகள் தந்த சாட்சியம் அது. சென்னையில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே அதற்கான காரணத்தின் ஒரு பகுதி ஏதோவொரு கப்பலின் ஏட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. படிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்த ஏடு நின்றுபோகும் அபாயமும் நம் காலத்திலேயே நேர்ந்தது. பசிபிக் மிதவைகளைப் பராமரித்துவந்த அமெரிக்கக் கப்பல் 2012இல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. பழுதான மிதவைகள் பழுதாகவே கிடந்தன. 2014இன் தொடக்கத்தில், வரவேண்டிய தகவலில் ஏறத்தாழ 40 விழுக்காடே வந்துகொண்டிருந்தது. பின்னர் விழித்துக்கொண்டு சரிசெய்தார்கள். அதுவரை இழந்த நாட்களைத் திரும்ப அளக்க யாராலும் இயலாது.

நம் பக்கத்திலும் மிதவைகள் உண்டு. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் அவற்றை நிறுத்திவருகிறது. அவற்றுக்கு நேரும் சேதங்களில் ஒன்று, மனிதரால் நேர்வது. மிதக்கும் பொருளின் நிழலில் மீன் கூடும் என்பது மீனவர் அனைவரும் அறிந்தது. ஆதலால் படகுகள் மிதவையை நாடுகின்றன, சில அதில் கயிறு கட்டுகின்றன, கருவிகள் உடைகின்றன.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு வகுப்புக்குச் சென்று, அந்த மாணவரிடம் என்னால் இயன்றவரை விளக்கினேன். மேகம் ஒவ்வோர் ஆண்டும் முகக்கத்தான் செய்கிறது. எங்கே முகக்கிறது, எங்கே கொண்டுபோய்ப் பொழிகிறது என்பதைக் கடலும் காற்றும் தமக்குள் பேசி முடிவு செய்கின்றன என்றேன். மிதவையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"மஞ்சள் நிறத்தில் இருக்குமே, அதுவா ஐயா? அப்பா பார்த்திருக்கிறார். அது எதற்கு என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது."

ஊருக்குப் போகும்போது சொல்லுங்கள் தம்பி என்றேன். சொல்வதாகக் கூறினார்.